எட்டாம் வளைவு

வெள்ளி விடியுமுன் டொங்காட்டை விட்டோம்.
பிக்கப்பின் பின்னே ட்ரெய்லர்,
அதில் நான்கு பட்டை போட்டு இறுக்கிய பழைய சுசுகி.
கரும்பாலைப் புகை கண்ணாடியில் தேயுமுன்பே
சாக்ரன் தொடங்கிவிட்டான்:
"வெல்காம் உயரம். காத்து மெலிசு.
ஜெட் மாத்தாம ஓட்டினா
பெட்ரோல்லயே மூழ்கிச் சாகும்."
வான் ரீனன் கணவாயின் மூட்டத்தில்
லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது
மடியில் பித்தளைத் துணுக்குகளைக் கொட்டி
தொலைந்த மூக்குத்தித் திருகு தேடுகிறவன் போல
ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

மதியப் பயிற்சியில்
முதல் சுற்று வெண்ணெய்.
இரண்டாம் சுற்று, எட்டாம் வளைவு,
வெளியே வரும்போது கையை முறுக்கினேன்.
கடன் கேட்டுப் போன வீட்டில்
சட்டென்று விளக்கணைத்த மாதிரி
பதிலே இல்லை.
பதினொரு பேர் கடந்தார்கள்.
பன்னிரண்டாவது, மீசை முளைக்காத பையன்,
போகிற போக்கில் கைவேறு காட்டினான்.
புல்லில் இறங்கித் தள்ளினேன்.
அங்கே முட்டையிட்டிருந்த ஆட்காட்டி ஒன்று
தலைக்குமேல் சுற்றிச் சுற்றித் திட்டியது.

கொட்டகையில் சாக்ரன் டேங்க் மூடியைத் திறந்தான்,
டார்ச் அடித்தான், "பெட்ரோல் இருக்கு," மூடினான்,
பொத்தானை அழுத்தினான்.
உடனே உறுமிற்று.
புகார் சொல்ல ஆள் வந்ததும்
சமர்த்தாய்ச் சம்மணமிடும் பிள்ளை.

சனிக்கிழமை பிளக் புதிது.
பக்கத்துக் கொட்டகை ஓம் ஹென்னி
காயில் ஒன்று கடன் தந்தார்.
(ஓம் என்றால் அவர்கள் பேச்சில் மாமா.
அன்று நான் இரண்டு அர்த்தத்திலும் சொன்னேன்.)
தகுதிச் சுற்று: இரண்டு, எட்டு, அணைந்தது.
ஆட்காட்டி இம்முறை எழுந்து நின்றதோடு சரி.

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றுமுன் சொன்னேன்,
எல்லோர் காதிலும் விழ:
"ஸ்பானர் பிடிச்சவனெல்லாம் மெக்கானிக் ஆயிடுவானா?"
சாக்ரன் பேசவில்லை.
மூடியைத் திறந்தான், பார்த்தான், மூடினான்.
இரவு முழுக்கக் குளியல் துண்டின்மேல்
கார்புரேட்டர் விரிந்து கிடந்தது.
நான் பிக்கப்பில் படுத்துக்கொண்டு
மல்லிகேயின் குரல்செய்தியை மூன்று தடவை கேட்டேன்:
இரண்டு டயர், நுழைவுக் கட்டணம்,
இதில் குளிர்சாதனப் பெட்டியே வாங்கியிருக்கலாமாம்.

ஞாயிறு, கடைசி வரிசை.
முதல் சுற்றில் ஐந்து பேரைத் தாண்டினேன்.
ஐந்து பேர்! எழுதி வையுங்கள்,
வேறு யாரும் எழுதவில்லை.
இரண்டாம் சுற்று.
எட்டாம் வளைவில்
ஆட்காட்டி என்னைப் பார்த்து
எழுந்திருக்கவே இல்லை.

யாரோடும் பேசாமல் ஏற்றிக் கட்டினேன்.
மூடியைத் திறக்க விடவில்லை.
"போதும். இருக்கு. பெட்ரோல் இருக்கு."

ஹாரிஸ்மித்தில் இருட்டிவிட்டது, எலும்பு குத்தும் குளிர்.
கையில் மிச்சம் முப்பது ராண்டு.
பந்தயப் பெட்ரோலைப் பிக்கப்புக்கு ஊற்றலாமென்று
சாக்ரன் ட்ரெய்லரில் ஏறி
மூடியைத் திருகினான்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

நீளமாய், மூன்று நாள் அடக்கி வைத்த மூச்சு
உள்ளே போகும் சத்தம்.
அவன் அசையாமல் நின்றான்.
டேங்கைத் தூக்கினான். அடியில்
காற்றுக் குழாய், கட்டைவிரல் நீளம்,
சட்டத்துக்கு நடுவில் நசுங்கித் தட்டையாய்.

வியாழன் இரவு டேங்கை மாட்டியது நான்.
அவன் வரவில்லை அன்று,
மகளுக்குப் பள்ளியில் பரிசளிப்பு.

பிளேடால் நுனியை வெட்டினான்,
வாயில் வைத்து ஊதினான்,
அப்புறம் சிரித்தான்:
"தெறந்து தெறந்து பாத்து
நாந்தான்டா இத பொழைக்க வெச்சிருக்கேன்."
வியாழனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

கணவாயில் இறங்க இறங்கக் காது அடைத்தது.
கொட்டாவி விட்டேன், எச்சில் விழுங்கினேன்.
அவன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினான்,
நகக்கண்ணெல்லாம் கறுப்பு.
மூய் ரிவர் தாண்டும்வரை
காது திறக்கவில்லை.
வாயும்.